தொழில் மாற நினைப்பவனுக்கு மாலை வகுப்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் கடிதம் படித்தேன். வீட்டில் ஒரு ஃபேன் மாட்ட எலக்ட்ரீசியனைத் தேடி மூன்று நாள் அலைந்ததாக அவர் எழுதியிருந்தார். இப்போது யாரும் கைத்தொழில் பழகத் தயாராக இல்லை, ஏசி போட்ட கடையில் நிற்கத்தான் ஆசைப்படுகிறார்கள் என்றும் சொல்லியிருந்தார். அவர் அலைந்தது எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த இரண்டாவது வரி மனதில் தைத்துவிட்டது. பதினாறு வருஷம் அதே ஏசி போட்ட கடையில் நின்றவன் நான். இப்போது வயரிங் வேலை பார்க்கிறேன். அங்கிருந்து இங்கே வந்து சேர்வதற்குள் என் வீடு பட்ட பாட்டை எழுதினால், ஆள் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு ஒரு பதிலாவது கிடைக்கும் என்று எழுதுகிறேன்.

ப்ளஸ் டூ முடித்த கையோடு, பதினெட்டு வயதில் மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் சேர்ந்தேன். முதலில் துண்டு, வேட்டி. அப்புறம் பட்டுச் சேலை. ஒரு சேலையை எடுத்து, முந்தி தெரிகிற மாதிரி உதறி, பார்டரை விரலால் நீவி, தோளில் போட்டுக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினால் பழைய மடிப்பு மாறாமல் மடித்து வைக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. முகூர்த்த நாள் நெருங்கினால் ஒரு நாளைக்கு இருநூறு சேலை உதறுவேன். அந்த வேலையை நான் குறைவாக நினைக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டார் கூட்டமாக வந்து உட்கார்ந்து, கடைசியில் பெண்ணின் முகம் மலர்ந்து "இதுதான்" என்று சொல்கிற நேரத்தில், அந்தச் சேலையை எடுத்துக் காட்டியவனுக்கும் ஒரு நிறைவு இருக்கும்.

ஆனால் காலையில் ஒன்பதரைக்கு நின்றால் இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். தீபாவளி நெருங்கினால் நடுச்சாமம். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். கேரளத்தில் அதற்கு முன்பே 2018-ல் வந்துவிட்டது. எங்கள் ஃப்ளோரிலும் ஸ்டூல் வந்தது. கூட்டம் இல்லாதபோது உட்காரலாம். அதற்குள் என் இரண்டு காலிலும் நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது. அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. ஐம்பது வயதுக்கு மேல் அந்த ஃப்ளோரில் யார் நிற்கிறார்கள் என்று ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். ஒருவர்கூட இல்லை.

அப்புறம் என் மகள். நான் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பாள், திரும்பும்போதும் தூங்கியிருப்பாள். எனக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. இரண்டரை வயதில் அவளுக்கு மற்ற கிழமைகளின் பெயர் தெரியாது, செவ்வாய் மட்டும் தெரியும். காலையில் எழுந்ததும் அவள் அம்மாவிடம் "இன்னைக்குச் செவ்வாயா?" என்று கேட்பாளாம். என் மனைவி இதை என்னிடம் குறையாகச் சொல்லவில்லை, சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

எங்கள் தெருவில் ஒரு அண்ணன் முப்பது வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறவர். செவ்வாய்தோறும் அவரோடு போக ஆரம்பித்தேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போனேன். மகளுக்குக் கொடுக்க வேண்டிய அந்த ஒரு நாளையும் எடுத்துத்தான் தொழில் பழகினேன் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். சுவரில் கட்டிங் அடிப்பது, பைப் பதிப்பது, பாக்ஸ் வைப்பது என்று தூசியும் சிமெண்டுமாகத்தான் முதல் ஆறு மாதம். பிறகுதான் வயரில் கைவைக்க விட்டார். பைப்புக்குள் ஸ்பிரிங்கை விட்டு, அதன் முனையில் வயரைக் கட்டி, இந்தப் பக்கம் ஒருவர் தள்ள, அந்தப் பக்கம் ஒருவர் இழுக்க வேண்டும். வளைவில் சிக்கினால் அவசரப்பட்டு இழுக்கக் கூடாது, மேல்தோல் உரிந்துவிடும். சின்னதாகப் பின்னால் விட்டு, விரலால் உருட்டிக் கொடுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். பட்டின் மடிப்பைத் தொட்டே பழகிய விரலுக்கு அந்தப் பதம் சீக்கிரம் பிடிபட்டது. "கை ஓடுதுடா தம்பி" என்று அண்ணன் சொன்ன நாள்தான், இதையே பிழைப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று எனக்கு முதன்முதலாகத் தோன்றியது.

முறையாகப் படித்துவிட்டே போவோம் என்றுதான் முதலில் விசாரித்தேன். அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில், அதாவது ஐடிஐயில், ஆண்கள் நாற்பது வயது வரை சேரலாம், பெண்களுக்கு உச்ச வயது கிடையாது. வயர்மேன் பிரிவுக்கு எட்டாம் வகுப்பு, எலக்ட்ரீசியன் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு போதும். இரண்டும் இரண்டு வருஷப் படிப்பு. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, பஸ் பாஸ் எல்லாம் உண்டு. பதினாறு வயதுப் பையனுக்கு இது பெரிய உதவி, சந்தேகமே இல்லை. ஆனால் எனக்கு அப்போது வயது முப்பத்துமூன்று. வாடகை 5,500. அம்மாவின் சுகர் மாத்திரை, பால், சீட்டுப் பணம். கடையில் சம்பளம் 17,500, பிடித்தம் போகக் கைக்கு 15,000 சொச்சம். இரண்டு வருஷம் பகலெல்லாம் வகுப்பில் உட்கார்ந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. மாலையில் வகுப்பு இருக்கிறதா என்று கேட்டேன். நான் போய்க் கேட்ட இடங்களில் எல்லாம் பகல் வகுப்புதான் இருந்தது.

இன்னொரு வழியும் இருக்கிறது. மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று அரசு நடத்துகிறது. இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டும், உச்ச வயது இல்லை, வயரிங் தொழிலில் ஐந்து வருஷத்துக்குக் குறையாத அனுபவம் வேண்டும். என்னைப் போன்றவனுக்குத் திறந்திருக்கிற வாசல் அதுதான். ஆனால் அந்த ஐந்து வருஷத்தை ஒருவர் கையாளாக இருந்துதான் கழிக்க வேண்டும். கையாள் கூலியில் குடும்பம் நடத்த வேண்டும்.

என் மனைவி ஜெய்ஹிந்துபுரத்தில் ஒரு அப்பளக் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்க்கிறாள். இருவரும் ஒரு ராத்திரி உட்கார்ந்து நோட்டில் கணக்குப் போட்டோம். எப்படிக் கூட்டினாலும் மூன்று, நான்கு ஆயிரம் இடித்தது. கடைசியில் அவள் நோட்டை மூடிவிட்டு, "மூணு மாசம் நான் சமாளிக்கிறேன். முடியலேன்னா நீங்க திரும்பக் கடைக்கே போங்க. ஆனா, போயிருக்கலாமே, போயிருக்கலாமேன்னு ஆயுசுக்கும் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க" என்றாள். மறுநாளே கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். பேங்கில் அடகு வைத்து 40,000 வாங்கினோம். 2023 தீபாவளி முடிந்து போனஸ் வாங்கியதும் கடையை விட்டு நின்றேன். முதலாளி நல்லபடியாகவே வழியனுப்பினார், அதையும் சொல்ல வேண்டும். மகளுக்கு அப்போது மூன்றரை வயது தாண்டியிருந்தது.

முதல் மாதம் பதினான்கு நாள்தான் வேலை இருந்தது. நாளுக்கு 700 என்றால் 9,800. அது மழைக்காலம் என்பதை நான் கணக்கில் வைக்கவே இல்லை. ஜவுளிக் கடையில் மழை பெய்தாலும் சம்பளம் வரும், இங்கே பூச்சுக் காயாமல் பெட்டி மூட முடியாது. இன்னொன்றையும் நான் சரியாக யோசிக்கவில்லை. கடையில் இருந்தவரை இஎஸ்ஐ என்கிற தொழிலாளர் காப்பீடு இருந்தது. என் பங்காக மாதம் 130 ரூபாய் சொச்சம்தான் பிடித்தார்கள். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் தத்தனேரி இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவோம். கடையை விட்டதும் கொஞ்ச நாளில் அந்த அட்டை செல்லாமல் போனது. நல்ல வேலையிலிருந்து கைத்தொழிலுக்கு மாறுகிறவன் முதலில் இழப்பது சம்பளத்தை அல்ல, இந்த மாதிரிப் பிடிமானங்களை. பிறகு ஒரு கொத்தனார் அண்ணன் சொல்லித்தான் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தேன். 1994-லிருந்து இருக்கிற வாரியம். வயரிங் வேலை செய்கிறவர்களும் அதில் சேரலாம். பிள்ளைகள் படிப்புக்கு, விபத்துக்கு, பிரசவத்துக்கு உதவி உண்டு. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் முதல் வேலையாக இதைச் செய்துகொள்ளுங்கள். எனக்கு இது தெரிய எட்டு மாதம் ஆயிற்று.

எங்களை உண்மையில் ஆட்டிப்பார்த்தது பணம்கூட இல்லை, குழந்தையை யார் பார்ப்பது என்பதுதான். அதுவரை அம்மா பார்த்துக்கொண்டார். நான் கடையை விட்ட இரண்டாம் மாதம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. பெரியாஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆகி, பிழைத்து எழுந்துவிட்டார். ஆனால் ஓடுகிற பிள்ளையின் பின்னால் இனி அவரால் ஓட முடியாது. அங்கன்வாடி இருக்கிறது. அங்கே மகளுக்கு மதியச் சாப்பாடு, முட்டை, பாட்டு, விளையாட்டு எல்லாம் கிடைத்தது. அந்த டீச்சரையும் ஆயாவையும் நான் மறக்க மாட்டேன். ஆனால் பிற்பகலோடு அது முடிந்துவிடும். என் மனைவி ஆறு மணிக்குத்தான் வீடு வருவாள். எனக்கு வேலை எங்கே எத்தனை மணிக்கு முடியும் என்று எனக்கே தெரியாது. பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு மாதம் 1,500 கொடுத்து அந்த இரண்டு, மூன்று மணி நேரத்தைக் கடத்தினோம்.

ஒரு நாள் அங்கன்வாடி லீவு. பாட்டி ஊருக்குப் போயிருந்தார். மனைவிக்கு லோடு அனுப்புகிற நாள், லீவு கேட்க முடியாது. ஒத்தக்கடை தாண்டி ஒரு புது வீட்டில் எங்களுக்கு வேலை. மகளைப் பைக்கில் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன். சிமெண்ட் மூட்டையின் மேல் துண்டை விரித்து உட்கார வைத்து, வெட்டிப் போட்ட வயர் துண்டுகளைக் கையில் கொடுத்தேன். வீட்டில் ராத்திரி அவளுக்கு அதை வைத்துத்தான் நிறம் சொல்லிக்கொடுப்பேன். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் கரண்ட் வருகிற வயர், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். ரோஜாவைக் காட்டிச் சிவப்பு சொல்வதற்கு முன்பே வயரைக் காட்டிச் சொன்னவன் நான். அவளுக்கும் அது பிடிக்கும்.

நான் ஏணியில் நின்று சீலிங் பெட்டியில் கை வைத்திருந்தேன். கீழே டிரில்லிங் மெஷினுக்காக ஒரு டெம்பரரி போர்டு தரையில் கிடந்தது. திரும்பிப் பார்க்கிறேன், அவள் அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறாள். கையில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு துண்டு. முனையில் தோல் உரித்த துண்டுகள். அப்பா செய்கிற மாதிரியே, நாக்கைக் கடித்துக்கொண்டு, பிளக் ஓட்டையில் செருகப் போகிறாள். எனக்குக் குரல் வரவில்லை. வாசலில் நின்ற அண்ணன் பார்த்துவிட்டு, அவளைத் தொடக்கூட இல்லை, ஒரே எட்டில் போய் மெயினை இறக்கிவிட்டார். அப்புறம்தான் அவளைத் தூக்கினார். அவர் அனுபவஸ்தர். நானாக இருந்தால் கத்தியிருப்பேன், அவள் பயந்து அழுத்தியிருப்பாள். 30 மில்லி ஆம்பியர் கரண்ட் கசிந்தாலே லைனை வெட்டிவிடுகிற ஆர்சிசிபி என்று ஒன்று உண்டு. அந்த டெம்பரரி போர்டில் அது இல்லை. அன்றிலிருந்து நான் வேலை பார்க்கிற இடத்தில் கரண்ட் எடுப்பதற்கு முன்பு அது இருக்கிறதா என்று பார்க்காமல் பிளக்கைச் செருகுவதில்லை. மகளை வேலைக்குக் கூட்டிப் போவதையும் அன்றோடு நிறுத்தினேன். அதற்கு விலையாக மாதத்தில் மூன்று, நான்கு நாள் கூலி போனது.

இதற்குச் சட்டம் இல்லையா என்று பார்த்தேன். இருக்கிறது. ஐம்பது பேர், அதற்கு மேல் வேலை பார்க்கிற நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-ல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தினார்கள். தொழிற்சாலைகளுக்கு முப்பது பெண்களுக்கு மேல் என்று 1948-ஆம் வருஷச் சட்டத்தில் ஒரு கணக்கு இருந்தது. கட்டட வேலை நடக்கிற இடத்தில் ஐம்பது பெண்களுக்கு மேல் இருந்தால் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று, 2025 நவம்பரில் புதுத் தொழிலாளர் சட்டங்கள் வரும்வரை இருந்த 1996-ஆம் வருஷச் சட்டம் சொன்னது. நல்ல சட்டங்கள்தான். ஆனால் என் மனைவியின் அப்பளக் கம்பெனியில் இருபது பேர். நான் வேலை பார்க்கிற புது வீட்டில் கொத்தனார், சித்தாள், அண்ணன், நான் என்று நாலைந்து பேர். எந்தக் கணக்கிலும் நாங்கள் வர மாட்டோம். தவிர, கட்டட வேலைக்கும் தொழிற்சாலைக்கும் ஏன் பெண்களை மட்டும் எண்ணினார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. அப்பாவும் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவன்தான். இன்றைக்கு எத்தனையோ வீடுகளில் மனைவிக்கு மாதச் சம்பளம், கணவனுக்கு நாள் கூலி. நாள் கூலிக்காரன்தான் லீவு போட்டுப் பிள்ளையோடு இருக்கிறான்.

முடியாத காரியத்தைக் கேட்பதாக யாரும் நினைக்க வேண்டாம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15-ல் நம் மதுரையில்தான், ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கினார்கள். அதிகாலையில் வேலைக்குப் போகிற வீடுகளில் காலை நேரத்துப் பரபரப்பை அது எவ்வளவு தணித்தது என்பதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். அரசு மனது வைத்தால் காலையில் இரண்டு மணி நேரத்தைக் குடும்பத்துக்கு மீட்டுத் தர முடிகிறது. அதே மாதிரி மாலையில் இரண்டு மணி நேரம் கேட்கிறேன். நகரத்தில் தொழிலாளர் குடியிருப்புகள் உள்ள பகுதிகளிலாவது சில அங்கன்வாடிகளை மாலை ஏழு மணி வரை திறந்து வைக்கலாம். அதற்குத் தனியாக ஆள் போட்டு, தனியாகச் சம்பளம் கொடுத்துத்தான் செய்ய வேண்டும். இப்போது இருக்கிற டீச்சர்களின் தலையில் கட்டக் கூடாது.

அடுத்தது வகுப்பு. நம் மாவட்டத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களில் வாரத்தில் நான்கு நாள், மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை, முப்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று ஒரு வகுப்பு வையுங்கள். இரண்டு வருஷப் படிப்பு மூன்று வருஷம் ஆனாலும் பரவாயில்லை. கையாளாக நாங்கள் வேலை பார்க்கிற நாட்களைச் செய்முறைப் பயிற்சியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். எர்த் குழியில் கரியும் உப்பும் எதற்குப் போடுகிறோம், லைட்டுக்குப் போடுகிற வயரை ஏசிக்கு ஏன் போடக் கூடாது என்பதையெல்லாம் நான் செய்து பழகிவிட்டேன். ஆனால் ஏன் என்று ஒரு வாத்தியார் போர்டில் வரைந்து சொல்லக் கேட்க எனக்கு ஆசை. கை பழகிய வேலையில் ‘ஏன்’ தெரியாமல் இருப்பதுதான் ஆளைக் கொல்கிறது.

இந்தத் தொழிலுக்கு ஆள் தேவை கூடிக்கொண்டேதான் போகும். நான் வெளியே வந்த அடுத்த பிப்ரவரியில், 2024-ல், ஒரு கோடி வீடுகளின் மாடியில் சோலார் போட மத்திய அரசு திட்டம் அறிவித்தது. 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். போன மாதம் மட்டும் எங்களுக்கு மூன்று வீட்டில் அந்த வேலை வந்தது. பேனல் மாட்ட ஆள் இருந்தார்கள், கீழே வயரிங் பார்க்க ஆள் போதவில்லை. இப்போது எனக்கு நாளுக்கு 1,000, மாதம் இருபத்திரண்டு, இருபத்துமூன்று நாள் வேலை. சங்கிலியைப் போன ஆடியில் மீட்டுவிட்டோம். கடைக்குப் போன பதினாறு வருஷத்தில் ஒரு சித்திரைத் திருவிழாவையும் நான் நின்று பார்த்ததில்லை. இந்த வருஷம் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய், அழகர் ஆற்றில் இறங்குவதைக் காட்டினேன்.

நான் தப்பித்து வந்துவிட்டேன். மனைவி சங்கிலி இருந்தது, சொல்லிக்கொடுக்க ஒரு அண்ணன் இருந்தார், அன்று மெயின் பக்கத்திலேயே இருந்தது. இது மூன்றும் எல்லாருக்கும் அமையாது. அந்த வாசகருக்கு நான் சொல்ல விரும்புவது, கடையில் நிற்கிறவர்கள் ஆசைப்பட்டு மட்டும் நிற்கவில்லை. என்னோடு அந்த ஃப்ளோரில் இருந்தவர்களில் நான்கு பேர் தொழில் பழக வேண்டும் என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒருவருக்கு ஏசி மெக்கானிக் ஆக ஆசை. ப்ளவுஸ் பிரிவில் இருக்கும் அக்காவுக்கு வயது முப்பத்தெட்டு, நாலு வயதில் ஒரு பையன். வயரிங் பழகுகிறேன் என்கிறார். பெண்களுக்கு ஐடிஐயில் வயது தடையில்லை என்று நான் சொன்னபோது, "பகல்ல எப்படித் தம்பி வர?" என்றுதான் கேட்டார்.

கல்வி, தொழிற்பயிற்சித் துறை அதிகாரிகள் இந்தக் கடிதத்தைப் பார்த்து ஒரே ஒரு மாலை வகுப்பைச் சோதனையாகத் தொடங்கினால், நாங்கள் ஐந்து பேர் வருகிறோம். கடைக்காரர்கள் வாரத்தில் நான்கு நாள் அவர்களை ஆறரைக்கு விட்டால் போதும். அந்த அக்காவின் பையன் வகுப்பு முடியும்வரை உட்கார்ந்திருக்க ஒரு அறையும், பார்த்துக்கொள்ள ஓர் ஆளும் வேண்டும்.

இப்படிக்கு,
முன்னாள் ஜவுளிக் கடை ஊழியர்,
அனுப்பானடி, மதுரை.